சாப்டீங்களா டாக்டர்

ஆம்பூர் பஸ் நிலையத்தில் ஆட்டோவில் ஏறி, நான் வேலை பார்த்த மருத்துவமனையின் பெயரைச் சொன்னால் ஓட்டுநர் கொஞ்சம் யோசிப்பார். பிறகு அவரே கேட்பார்: "சாப்டீங்களா டாக்டர் கிட்டயா?" ஆமாம் என்றால் வண்டி கிளம்பிவிடும்.

எழுபது படுக்கைகள் கொண்ட அந்த மருத்துவமனைக்கு அவர்தான் தலைமை மருத்துவர். நான் அங்கே மூன்று வருடம் உணவியல் நிபுணராக இருந்தேன். தினமும் குடியாத்தத்திலிருந்து ரயிலில் போய் வருவேன். யாருக்குக் கஞ்சி, யாருக்கு உப்பில்லாச் சாப்பாடு, யாருக்கு மூக்குக் குழாய் வழியாகப் பால் என்று பட்டியல் போடுவது என் வேலை. பட்டியலில் இருக்கிறவரின் தோளை ஒருமுறை தொட்டு, "சாப்டீங்களா?" என்று கேட்பது அவர் வேலை.

அதை அவர் கேட்கும் விதமே தனி. தலையைச் சாய்த்து, கல்யாணப் பந்தியில் பெண்ணின் அப்பா கேட்பதுபோல் வாய் நிறையக் கேட்பார். கேட்ட வேகத்திலேயே "வெரி குட்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குத் திரும்பிவிடுவார். கேள்விக்கும் 'வெரி குட்'டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று ஒரு வாரம் என் கடிகாரத்தில் பார்த்தேன். இரண்டு விநாடி. சளி பிடித்தவர்கள் தொண்டையைச் செருமுவதற்கே அது போதாது.

ஸ்கேனுக்காக வெறும் வயிற்றில் காத்திருந்த ஒருவரிடம் கேட்டார். "இல்ல சார், துன்னக் கூடாதுன்ட்டாங்க" என்றார் அவர். வெரி குட். ரம்ஜான் மாதத்தில் மதியம் பன்னிரண்டு மணிக்கு மருந்துக் கடை பாயிடம் கேட்டார். "நோன்பு டாக்டர் சாப்" என்றார் பாய். வெரி குட். ஏணியில் நின்று டியூப்லைட் மாற்றிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியனிடமும் கேட்டார். பிணவறைக்குப் போன ஸ்ட்ரெச்சரிடம் ஒருமுறை கேட்டார் என்று லிஃப்ட்காரர் சத்தியம் செய்வார். அதை நான் நம்பவில்லை. ஆனால் கேட்டிருந்தால் வெரி குட் சொல்லியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஊர் அவரைக் கும்பிட்டது. "வேலூர்ல பெரிய பெரிய டாக்டர்லாம் ஸ்கேன மட்டும்தான் பாக்கறாங்க. இவுரு நம்ம வவுத்த பாக்கறாரு" என்று ஆலங்காயத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் என்னிடமே சொன்னார்.

நியாயமாக அவருடைய நல்ல குணங்களையும் எழுத வேண்டும். அந்தப் பட்டியலும் என்னிடம் இருக்கிறது. ஒன்று, இதயத்தில் ஓட்டை இருப்பதைக் குழல் வைத்துக் கேட்டே சொல்லிவிடுவார். ஸ்கேன் படம் பிறகு வந்து ஒத்துக்கொள்ளும். இரண்டு, நர்ஸ்களைப் பார்த்துக் குரல் உயர்த்தியதில்லை. மூன்று, நோயாளியின் அம்மா நின்றுகொண்டிருந்தால் தான் உட்கார மாட்டார். நான்கு என்று எழுதி வைத்திருக்கிறேன். எதிரே இன்னும் காலியாக இருக்கிறது.

இதில் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. நம் பக்கத்தில் யாராவது "சாப்டீங்களா" என்று கேட்டால் "இல்லை" என்று சொல்லக் கூடாது. சொன்னால் சோறு போடு என்று கேட்டதாக ஆகிவிடும். சின்ன வயதில் நான் பக்கத்து வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டு இரண்டு தோசையோடு திரும்பி வந்தேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். "மானத்த வாங்கிட்டியே! ஆச்சுன்னு சொன்னா இன்னா கொறஞ்சா பூடுவ?" அன்றிலிருந்து நானும் "ஆச்சு" கட்சிதான். இந்த ஊர் முழுக்க அந்தக் கட்சி. கட்டிலில் படுத்தாலும் கட்சி மாறுவதில்லை. டாக்டர் கேட்பார், நோயாளி "ஆச்சு சார்" என்பார், பின்னால் வரும் சிஸ்டர் 'உணவு எடுத்துக்கொண்டார்' என்று குறிப்பேட்டில் எழுதுவார். வாசலில் நலம் விசாரித்துக்கொண்ட பேச்சு, மருத்துவ ஆவணமாக ரெக்கார்டு அறைக்குப் போய்விடும்.

நான் படித்தவள் அல்லவா? வாய் வார்த்தையை நம்ப மாட்டேன். தட்டைப் பார்ப்பேன். திரும்பி வரும் ஒவ்வொரு தட்டுக்கும் என் தாளில் நான்கு கட்டங்கள் உண்டு: முழுதும் மிச்சம், பாதி, கால், காலி. மனிதர்கள் பொய் சொல்வார்கள், தட்டு சொல்லாது என்று பயிற்சிக்கு வந்த பெண்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன்.

பதினோராம் கட்டிலில் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். முப்பத்து நான்கு வயது. ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள். கம்பெனி பஸ் ஆறரைக்கு வந்துவிடும் என்பதால் பல வருடமாகக் காலைச் சாப்பாடு கிடையாது. அதில் வயிற்றில் புண். கடைசி ஒரு மாதம் எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. ஊசியில் வாந்தி இரண்டு நாளில் நின்றது. குடலில் வேறு ஏதாவது நோய் இருக்குமோ என்று சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அந்த முடிவுக்காக ஒன்பது நாள் படுத்திருந்தாள். துணைக்கு மாமியார்.

ஒன்பது நாளும் பெரிய டாக்டர் கேட்டார். ஒன்பது நாளும் அவள் "சாப்ட்டேன் சார்" என்றாள். ஒன்பது நாளும் சிஸ்டர் எழுதினார். ஒன்பது நாளும் அவள் தட்டு பளபளவென்று காலியாக வந்தது. நான் 'காலி' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். ஆவணங்களின்படி எங்கள் மருத்துவமனையிலேயே நன்றாகச் சாப்பிட்ட நோயாளி அவள்தான்.

பத்தாம் நாள் காலை எடை பார்க்கப் போனேன். கட்டிலிலிருந்து இறங்கியவள், ஆடுகிற படகில் நிற்பவள்போல் காலை அகட்டி அகட்டி வந்து எடை மேடையில் ஏறினாள். வந்தபோது முப்பத்தொன்பது கிலோ. இப்போது முப்பத்தைந்தரை.

"தட்டு காலியாத்தானே வந்துச்சு?" என்றேன், யாரிடம் என்று தெரியாமல்.

மாமியார்தான் பதில் சொன்னார். "அதுக்குத்தான் எறங்கலியே பாப்பா. சோத்த பாத்தாலே மூஞ்ச திருப்பிக்குது. வெச்சா கெட்டுப் பூடும்னு நான் துன்ட்டேன். சோத்த கொட்டுனா பாவம் இல்லையா?"

"எத்தன நாளா?"

"வந்ததுலேர்ந்து தான். கிச்சடிலாம் நல்லா இருந்துச்சு. சாம்பார்ல மட்டும் உப்பு கம்மி. உன்ன பாத்தா சொல்லணும்னு நெனச்சினே இருந்தேன்."

அந்தக் கட்டிலைச் சுற்றி ஒன்பது நாளில் எடை கூடியிருந்த ஒரே ஜீவன் அவர்தான். நான் ஒன்பது நாளாக, மூன்று வேளையும், ஆரோக்கியமான ஒரு மாமியாரின் பசியை அளந்துகொண்டிருந்திருக்கிறேன்.

"மேடம்," என்றாள் அந்தப் பெண், என் தோளைப் பிடித்துக்கொண்டு. "நீங்க ரெண்டு பேரா தெரியறீங்க."

அவள் கண்ணைப் பார்த்தேன். கருவிழி ஓரிடத்தில் நிற்காமல் பக்கவாட்டில் துடித்துக்கொண்டிருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தயமின் என்று ஒரு வைட்டமின். நாம் சாப்பிடும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் மூளை எரித்துச் சக்தியாக்க அது வேண்டும். உடம்பில் அதன் கையிருப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தாங்காது. அது குறைந்தால் முதலில் போவதே பசிதான். அதனால் இன்னும் சாப்பிட மாட்டார்கள், இன்னும் குறையும். பிறகு பார்வை இரண்டாகும், நடை தள்ளாடும், நினைவு குழம்பும். அந்த நிலையில் தெம்புக்கு என்று குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினால், மிச்சம் இருந்த கொஞ்சமும் தீர்ந்துபோகும். அவள் பாஷையில் சொன்னால், நூலே இல்லாத மெஷினுக்கு முன்னால் தோல் துண்டுகளைக் கொண்டுவந்து குவிப்பது மாதிரி. முதலில் தயமின் ஊசி, அப்புறம்தான் சர்க்கரை. வரிசை மாறினால் போன நினைவு திரும்பாமலே போகலாம்.

பெரிய டாக்டரின் அறைக்குப் போன் செய்து, பதினோராம் கட்டிலுக்குக் கண் துடிக்கிறது என்றேன். "ரவுண்ட்ஸ்ல பாத்துக்கலாம்மா" என்றார். எட்டு மணிதான் ஆகியிருந்தது. அவர் ஒன்பதுக்கு வருவார். நான் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன்: "டாக்டர் கேட்டா உள்ளத உள்ளபடி சொல்லுங்க. இல்லன்னு சொல்லுங்க. தப்பே இல்ல."

"அவுரு எவ்ளோ ஆசையா கேக்கறாரு மேடம். எப்பிடி இல்லன்றது?"

"சொல்லுங்க."

ஒன்பது மணிக்கு அவர் வந்தார். தோளில் கை வைத்தார். தலையைச் சாய்த்தார்.

"இன்னாம்மா, சாப்டீங்களா?"

"இல்ல சார்," என்றாள் அவள். "ஒரு மாசமா எதுவும் எறங்கல."

"வெரி குட். அப்படியே மெயின்டெய்ன் பண்ணுங்க." சிஸ்டர் பக்கம் திரும்பினார். "கொஞ்சம் டல்லா இருக்காங்க. ஒரு குளுக்கோஸ் போட்டு விடுங்க, தெம்பா இருக்கும்."

சிஸ்டர் தள்ளுவண்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து ஸ்டாண்டில் மாட்டினார். டாக்டர் பன்னிரண்டாம் கட்டிலுக்கு ஓரடி வைத்துவிட்டார்.

"சார், அவங்க இல்லன்னு சொன்னாங்க," என்றேன்.

"யாரு?"

"பேஷன்ட் சார்."

"எதுக்கு இல்லன்னாங்க?"

"நீங்க கேட்டதுக்கு சார்."

அவர் உண்மையாகவே யோசித்தார். "நான் இன்னா கேட்டேன்?"

வார்டில் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிஸ்டர் ஊசிமுனையைக் குழாயில் பொருத்திக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவ கேளுங்க சார்," என்றேன். "ஆனா பதில் வர்ற வரைக்கும் நின்னு கேளுங்க. அதுவரைக்கும் பாட்டில் ஓட வேணாம்."

"டயட் மேடம் இன்னிக்கு எனக்கே டயட் போடறாங்க," என்று சுற்றிலும் பார்த்துச் சிரித்தார். இருந்தாலும் திரும்பி வந்தார். சிஸ்டர் குழாயின் சக்கரத்தைத் திறக்காமல் விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சாப்டீங்களாம்மா?"

இரண்டு விநாடி போனது. ஐந்து விநாடி போனது. அவர் வாய் 'வெ' என்று குவிந்து, மறுபடி மூடிக்கொண்டது. அந்தப் பெண் அவரையே பார்த்தாள். சற்று முன் தெளிவாகப் பேசியவளுக்கு இப்போது எங்கேயோ வழி தப்பிவிட்டது.

"நீங்க எந்த லைன் சூப்பர்வைசர் சார்?" என்றாள். "கரன்ட் பூடுச்சு. மெஷின் ஓடல."

அவர் குனிந்தார். அதற்குப் பிறகு நான் பார்த்தது வேறு ஆள். விரலை அவள் கண் முன்னால் இடமும் வலமும் நகர்த்தினார். எத்தனை விரல் என்று கேட்டுவிட்டு, காத்திருந்தார். கணுக்காலைத் தட்டிப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"பாட்டில எறக்கு சிஸ்டர். தயமின் ஊசி கொண்டா. ரத்தத்துல பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் மூணும் அனுப்பு."

"தயமினா?" என்றார் சிஸ்டர் வாய் தவறி. "அது குடிச்சிட்டு வர்றவங்களுக்குப் போடறதாச்சே சார்?"

மாமியார் எழுந்துவிட்டார். "யார பாத்து குடிகாரின்ற? எங்க வூட்டுப் பொண்ணு கலர் சோடா கூட குடிக்காது! எங்க பரம்பரையிலயே கெடயாது!" எதிர்க் கட்டில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். "ஊசியும் வாணாம் ஒன்னும் வாணாம், நாங்க வூட்டுக்குப் போறோம்!"

ஒரு உயிர், குடிகாரி என்ற ஒரு பேருக்காக வீட்டுக்குப் போகப் பார்த்தது. டாக்டர் அந்த அம்மாளின் கையைப் பிடித்து உட்காரவைத்து, தான் நின்றபடியே சொன்னார்: "குடிச்சாலும் சரிம்மா, துன்னாம கெடந்தாலும் சரி, இந்தச் சத்து போனா கெதி ஒன்னுதான். ஊசிக்கு யாரு குடிகாரன்னு தெரியாது." ஊசியை அவரே போட்டார்.

பிறகு என் வேலை. ஒரு மாதம் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாகச் சாப்பாடு போட்டால் ரத்தத்திலிருக்கும் உப்புகள் சரிந்து இதயமே நின்றுவிடலாம். இரண்டு மணிக்கு ஒருமுறை அரை டம்ளர் கஞ்சி என்று எழுதினேன். மறுநாள் மாமியார் தூக்குப் பாத்திரத்தில் பிரியாணியோடு வந்தார். நான் வாங்கி வைத்துக்கொண்டதும், "ஒரு மாசம் துன்னாதவளுக்கு அரை டம்ளரா? நீ டயட்டா, இல்ல வில்லியா?" என்றார். அந்தக் கொஞ்சக் கஞ்சிக்கே மூன்றாம் நாள் பாஸ்பரஸ் சரிந்தது. மருந்து ஏற்றிச் சரிசெய்தோம். அன்று மாலைக்குள் பெரிய டாக்டர் மூன்று முறை வந்து பார்த்தார். மூன்று முறையும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

கண் துடிப்பு இரண்டு நாளில் நின்றது. நடை நேராக ஆறு வாரம் ஆனது. நினைவு முழுதாக வரவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள் அவளுக்கு அடியோடு இல்லை. புதிதாக நடப்பவையும் நழுவி நழுவிப் போயின. சாப்பிட்டோமா என்பதே மறந்துபோகிறது என்றாள். நான் ஒரு சின்ன நோட்டு வாங்கிக் கொடுத்தேன். நேரம், பண்டம், அளவு என்று மூன்று கோடு போட்டுக் கொடுத்தேன். "யாரு சாப்டீங்களான்னு கேட்டாலும் சும்மா ஆச்சுன்னு சொல்லாதீங்க. நோட்ட பாத்து சொல்லுங்க."

டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "நான் தெனமும் கேட்டேன்லம்மா," என்றார். குரலில் நிஜமான வலி இருந்தது. "ஒரு நாள் கூட விடாம கேட்டேன். அவங்க சொல்லல."

"ஒன்பது நாளும் தட்டு காலின்னு எழுதினது நான்தான் சார்," என்றேன்.

"பாத்தியா," என்றார். அப்போது அவர் முகத்தில் வந்த நிம்மதியை மன்னிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. என் தாளில் 'யார் சாப்பிட்டது?' என்று ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டது அன்றுதான்.

அவரும் திருந்தினார், ஒரு வாரம். கேட்டுவிட்டு நின்றார். நின்றால் பதில் வருகிறது என்பது அவருக்கே ஆச்சரியம். முதல் நாளே ஏழு பேர் "இல்ல சார்" என்றார்கள். ஒருவருக்குப் பல் செட் வீட்டில். ஒருவருக்கு எங்கள் உப்புமாவைக் கண்டால் பேஜார். ஒரு ஆயாவுக்குத் தட்டு எட்டவே இல்லை. அரை மணி நேர ரவுண்ட்ஸ் இரண்டு மணி நேரம் ஆனது. வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் தட்டினார்கள். இரண்டாவது வாரம் அவர் ஒரு சீர்திருத்தம் கொண்டுவந்தார். "சாப்டீங்களா?" என்பதை "நல்லா சாப்டீங்களா?" என்று மாற்றிக்கொண்டார். வெரி குட் பழைய இடத்திலேயே இருந்தது.

அடுத்த வருடம் அவர் ஓய்வு பெற்று மகனோடு பெங்களூருக்குப் போனார். கிளம்பும் முன் ஒரு கல்யாண மண்டபத்தில் காலையில் பாராட்டு விழா. பேசிய எல்லாரும் அந்த ஒரு கேள்வியையே பேசினார்கள். ஒருவர் அதைத் தாயன்பு என்றார். இன்னொருவர் அந்தக் கேள்விதான் தனக்குப் பாதி மருந்து என்றார். மீதிப் பாதியை யார் கொடுத்தது என்று அவர் சொல்லவில்லை.

காப்பாற்றப்பட்டவர் என்று பதினோராம் கட்டில் பெண்ணையும் மேடைக்கு அழைத்திருந்தார்கள். அவள் இப்போது தைப்பதில்லை. எந்தத் துண்டுக்குப் பிறகு எந்தத் துண்டு என்பது மறந்துவிடுவதால், பிசிறு நூல் வெட்டும் மேஜையில் உட்காரவைத்திருந்தார்கள். மைக்கைப் பிடித்தாள்.

"சார் தெனமும் வந்து என்கிட்ட சாப்டீங்களான்னு கேட்டாராம்," என்றாள். "எல்லாரும் சொல்றாங்க. எனக்கு ஒன்னுமே ஞாபகம் இல்ல."

கூட்டம் கைதட்டியது. மண்டபமே அதிர்ந்தது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கைதட்டாத இரண்டு பேரில் ஒருத்தி நான். இன்னொருவர் மேடையில் தன் சால்வையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விழா முடிந்து அவர் கீழே இறங்கி வந்தார். மாலையோடு ஒரு வரிசை காத்திருந்தது. பந்திக்கு இலை போட்டுவிட்டார்கள். வரிசையில் நான்காவதாக அந்தப் பெண், பின்னால் மாமியார். அவள் முறை வந்ததும் டாக்டரின் கை தன்பாட்டுக்கு அவள் தோளுக்குப் போனது. தலை சாய்ந்தது.

"நல்லா சாப்டீங்களாம்மா?"

"ஒரு நிமிஷம் சார்," என்றாள். பையைத் திறந்து நோட்டை எடுத்தாள். ஓரம் எல்லாம் சுருண்ட, முக்கால்வாசி தீர்ந்துபோன, எத்தனையாவதோ நோட்டு. எதிரே இருப்பவர் நகர்ந்துவிடக் கூடாது என்பதுபோல் ஒரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கைவிரலால் வரியைத் தொட்டாள். "நேத்துலேர்ந்து சொல்றேன் சார். காலைல அஞ்சே முக்கால், டீ ஒன்னு, பன் ஒன்னு. பஸ் ஏறக்குள்ள அவிச்ச முட்ட ஒன்னு. எட்டு மணி, இட்லி மூணு, சாம்பார் ரெண்டு கரண்டி..."

"உப்பு சரியா இருந்துச்சு," என்றார் மாமியார் பின்னாலிருந்து.

டாக்டரின் இடது கால் அடுத்தவர் பக்கம் திரும்பியிருந்தது. மாலையோடு நின்றவர் மாலையை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினார். பந்தியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். டாக்டர் 'வெரி குட்' சொல்ல வாயைத் திறந்தார்; அவள் இன்னும் நேற்றைய மத்தியானத்துக்கே வரவில்லை.